நிற்கும் பந்து

திங்கட்கிழமை காலை பயிற்சியாளர் தவமணி சார் தூக்கிப் போட்ட பந்து இன்னும் கீழே வரவில்லை. இன்று வெள்ளி.

நான் பேஸ்பால் ஆட்டக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. வேலையே இதுதான். சார் என் பக்கவாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, கையைத் தாழ்த்தி, மெதுவாகப் பந்தைப் போடுவார். நான் அதை மட்டையால் எதிரே கட்டிய வலைக்குள் அடிக்க வேண்டும். வாளியில் நூறு பந்து. இது முதல் பந்து. என் நெஞ்சுக்கு இரண்டு முழம் மேலே அந்தரத்தில் நிற்கிறது.

"கண்ண எடுத்துராதய்யா," என்றார் சார். "எடுத்தா மொதல்லேருந்து."

"எப்ப சார் வரும்?"

"வர்றப்ப வரும்."

பாவம், அவருக்கும் முட்டி வலி.

செவ்வாய்க்கிழமை பியூன் ஒரு படிவம் கொண்டுவந்தார். இங்கே நிற்பது நான்தான் என்று நானே கையெழுத்துப் போட வேண்டுமாம். மட்டையை விட முடியாது என்றேன். அப்படியானால் நான் இல்லை என்று குறித்துக்கொண்டு போனார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை என் மகள் சுடருக்குக் கல்யாணம். விடுப்பு கேட்டேன். இல்லாதவருக்கு விடுப்பு கிடையாது என்று பதில் வந்தது. அதனால் கல்யாண மண்டபம் இங்கே வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் மணமேடை. காலையிலிருந்து சாம்பார் வாசனை.

"அப்பா, தாலி கட்டப் போறாங்க." சுடரின் குரல்.

ஒரே பிள்ளை.

"சேல என்ன கலரும்மா?"

"திரும்பாதீங்கப்பா. மொதல்லேருந்து நிக்கணும்."

"கலர மட்டும் சொல்லு."

கெட்டிமேளம் எழுந்தது. அவள் சொன்னது அதில் அமுங்கிப் போனது.

அப்போது பார்த்து பந்து இறங்கியது.

திரும்பியிருக்கலாம். திரும்பத்தான் நினைத்தேன். இடுப்பு தானாகச் சுழன்றது. பந்து மட்டையின் நடுவில் பட்டு வலைக்குள் போய் விழுந்தது. இவ்வளவு சுத்தமாக நான் அடித்ததே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். தரை கழுவியாகிவிட்டது. ஓரத்தில் எனக்காக ஓர் இலை மட்டும் போட்டிருந்தது. சோறு ஆறியிருந்தது.

"நல்ல அடி," என்றார் தவமணி சார்.

"சார், புள்ள என்ன கலர்ல சேல கட்டியிருந்தா?"

அவர் வாளிக்குள் கையை விட்டு அடுத்த பந்தை எடுத்தார்.

"நானும் பந்தைத்தானய்யா பாத்துட்டிருந்தேன்."