சைட்காரின் மூக்கில் இருந்தது

1945இல் ரஷ்யப் படை பிடுங்கிக்கொண்டு போகாமலிருக்க, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக் கிராமத்துக் கொட்டகை ஒன்றில் சுவர் எழுப்பி மறைத்த மோட்டார் சைக்கிள் அது. ஹோர்ஸ்ட் போன வாரம்தான் அதை வாங்கித் தன் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த சைட்காரின் கூம்பிய மூக்குக்குள் துணி சுற்றி ஏதோ இறுகிக் கிடந்தது. உதிரிபாகம் என்று நினைத்து அரைமணி நேரம் சுத்தியலால் தட்டினார். துணி கிழிந்து, மரப்பிடியும் துருப்பிடித்த தகரத் தலையும் தெரிந்தன. கையெறி குண்டு.

"ரோஸ்விதா, உள்ள வராத."

வாசலில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "போலீஸக் கூப்பிடவா?"

"வேணாம். அவனுங்க வண்டியோட சேத்து வெடிக்க வச்சிட்டுப் போயிடுவானுங்க. நானே உருவிடுறேன். நீ போ."

"உருவுய்யா. நானும் இங்கயேதான் இருப்பேன்."

அவள் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். ஹோர்ஸ்ட் அவளையும் குண்டையும் மாறிமாறிப் பார்த்தார். சுத்தியலை ஓசைப்படாமல் மண்ணில் வைத்தார். பின்பக்கமாகவே நடந்து வந்து, அவள் கையைப் பிடித்து உருளைக்கிழங்கு வயலின் கடைசிவரை இழுத்துக்கொண்டு ஓடினார்.

"போன் போடு. வண்டிய மட்டும் விட்டுவைக்கச் சொல்லு."

"நீயே சொல்லுய்யா."

போனை வாங்கினார். எந்த ஊர் என்று எதிர்முனையில் இரண்டுமுறை கேட்டார்கள். பல் தந்தியடித்ததில் அவரால் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.