பேரனைப் பார்க்க இரண்டு நிமிடம்

அது சித்திரையா வைகாசியா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சுகப்பிரியா ஒன்று சொல்கிறாள், அவள் கணவன் கோகுல் வேறொன்று சொல்கிறான். வெயில் கடுமையாக இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் மாற்றுப் பேச்சில்லை.

சென்னைக்குப் போகும் பகல் ரயில், ஏசி பெட்டி. அவள் மடியில் கைக்குழந்தை. கோகுலைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அப்பா சங்கரலிங்கம் அவள் பெயரை வீட்டில் எடுக்க விடுவதில்லை. அம்மா சௌந்தரம்தான், அவர் பலசரக்குக் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அருப்புக்கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து பேரனைப் பார்ப்பதாக, சித்தி தங்கச்செல்வி மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எந்தப் பெட்டி என்று சித்தி அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். ரயில் நிற்பது இரண்டே நிமிடம்.

விருதுநகர் தாண்டியதும் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வந்தது. கருவேலங்காடும் கரிசலும் ஓடி முடிந்து ரயில் நின்றபோது அது நடைவழியை அடைத்துக்கொண்டு நின்றது. பரிமாறுகிறவர் அதைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே அம்மா.

ஒரு முழத் தூரம்கூட இல்லை. இளைத்திருந்தாள். நேராக மகளைப் பார்த்தாள். சுகப்பிரியா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், கண்ணாடியைத் தட்டினாள். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், கலைந்த முடியை ஒதுக்கினாள், திரும்பி நடந்தாள்.

தள்ளுவண்டி ஒருவழியாக நகர்ந்தது.

“கதவுக்குப் போ பிரியா,” என்றான் கோகுல்.

“வேணாம். பாத்துட்டுத்தான் போறாக.”

உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் சித்தி போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் அதே ரயிலில் வரும்போது மானாமதுரையில் பால் வாங்க இறங்கினாள். பிள்ளைக்குக் கையசைக்கலாமென்று தங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். அந்தப் பகல் வெயிலில் கருங்கண்ணாடியில் அவள் முகமும் வானமும்தான் தெரிந்தன. உள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. கோகுல் தட்டிக்கொண்டே இருந்தானாம், அவளுக்குக் கேட்கவில்லை.

ஏறியதும் சித்தியைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

“உங்கம்மா ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்தாகளாம். போன ஐப்பசியில கண்ண மூடுற வரைக்கும், நீ அந்த ரயில்ல வரவே இல்லன்னுதான் நெனச்சிருந்தாக. சொல்லத்தான் போன் போட்டேன். நீ எடுக்கல.”

சங்கரலிங்கம் கடையை விற்றுவிட்டு மதுரையில் மூத்த மகனோடு இருக்கிறார். பேரனை இன்றுவரை பார்த்ததில்லை. தங்கச்செல்வி அருப்புக்கோட்டைப் பக்கம் பாளையம்பட்டியில்தான் இருக்கிறாள். சுகப்பிரியாவும் கோகுலும் சென்னையில் இருக்கிறார்கள். பையன் பள்ளிக்கூடம் போகிறான்.