தட்டிப் பார்க்காமல் தந்த வேலை

என் கணவரை "சார்" என்று முதன்முதலில் அழைத்தவள் ஒரு திருடி. இதை எழுதும் இவ்வேளையிலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் டைல்ஸ் ஒட்டுபவர். அவர் ஒட்டிச் செல்லும் தரையின் இடுக்குகளைக் கலவையால் அடைத்துத் துடைப்பவள் நான். எங்கள் இருவரின் விரல்களையும் சிமெண்ட் தின்றுவிட்டது. ரேகை என்று சொல்லத்தக்க எதுவும் அவற்றில் மிஞ்சவில்லை. ஆகையால் எந்த அலுவலகத்தின் கைரேகைக் கருவியும் அவரை எளிதில் ஏற்பதில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்யும் அலுவலகத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், "கையைக் கழுவிட்டு வாய்யா" என்றார் எழுத்தர். கழுவிவிட்டுத்தான் சென்றிருந்தார். மறுபடியும் கழுவினார். கருவி மறுபடியும் சிவப்பு விளக்கையே காட்டியது. அன்று வீடு திரும்பியவர் ஒரு வாய்கூட உண்ணவில்லை.

அதன் பின்னர் அவருடைய கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. வெளிநாட்டு விடுதி ஒன்றிற்கு டைல்ஸ் மேஸ்திரி தேவை. கைரேகை வேண்டாம், அலைச்சல் வேண்டாம், எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடும். கைரேகை வேண்டாம் என்ற அந்த ஒற்றை வரியில் அவர் விழுந்தார். பேராசையால் விழுந்தார் என்று யாரேனும் கூறினால் நான் சண்டைக்கு நிற்பேன். அவமானத்தால் விழுந்தார். அடையாள அட்டையின் இருபுறத்தையும் படம் எடுத்து, எனக்குத் தெரியாமலேயே அனுப்பியும் விட்டார்.

முகத்தைக் காட்டும் கடைசிக் கட்டத்திற்குத்தான் என் உதவி தேவைப்பட்டது. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், பாதிச் சுவர் மட்டும் ஒட்டி முடித்த குளியலறையில், டிரம் தண்ணீரில் முகம் கழுவி, தலை வாரி, சுவரோரமாக நின்றார்.

"போனை நேராப் பிடி. மண்டை வெட்டுப்பட்டுப் போகுது."

"மண்டைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே, போனா வருத்தப்பட."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. அந்தம்மா லைன்ல இருக்காங்க."

வேலை தருவதாகச் சொன்ன அந்த அம்மாளின் குரல் தேனாக ஒழுகியது. "சார், இடது பக்கம் திரும்புங்க. சூப்பர் சார்! இப்ப கண்ணைச் சிமிட்டுங்க சார்."

ஒவ்வொரு "சாரு"க்கும் என் கணவரின் முதுகு சற்றே நிமிர்ந்ததை நான் கண்டேன். அதைக் கண்டபோது எனக்குப் பெருமிதம் தோன்றவில்லை, சந்தேகமே தோன்றியது. எங்கள் தொழிலில் எவரும் ஒருவனை அப்படியே வேலைக்கு எடுப்பதில்லை. அவன் ஒட்டிய தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். அடியில் பசை நிரம்பாத இடம் 'டொக்' என்று காட்டிக் கொடுத்துவிடும். கஞ்சத்தனத்திற்குப் பெயர் போன ஒப்பந்தக்காரர்கூட ஒரு நாணயத்தையாவது எடுத்து நாலு இடத்தில் தட்டாமல் ஆளை எடுத்ததில்லை.

"ஏம்மா, இவரு ஒட்டின தரை எதையாவது உங்க ஆளுங்க தட்டிப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"எதைத் தட்டணும் மேடம்?"

என் கணவரின் இமை ஒரு கணம் நின்றது. அவருக்கும் அந்த 'டொக்' கேட்டுவிட்டது. கேட்காதவர் போல நின்றார்.

"சரி, உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

"அதெல்லாம் அப்புறம் மெயில்ல வரும் மேடம். இப்ப சாருக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சட்டுனு சொல்லுங்க. ரெண்டு இடம்தான் பாக்கி, எத்தனையோ பேர் காத்திருக்காங்க."

என் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது.

"என்ன நம்பர்னு படி," என்றார் அவர்.

நான் எண்ணைப் படிக்கவில்லை. எண்ணை விட்டுவிட்டு, அதைச் சூழ்ந்திருந்த வாசகங்களை உரத்த குரலில் படித்தேன். அவருடைய பெயரில் புதிய வங்கிக் கணக்கு தொடங்கக் கோரிக்கை வந்துள்ளது. இந்த எண்ணை எவரிடமும் கூற வேண்டாம்.

"பேங்க் கணக்கா? நான் எங்க கேட்டேன்?"

"சம்பளம் போடத்தான் சார். மேடமுக்குப் புரியல."

"சம்பளக் கணக்குன்னா அதோட சாவி, இந்த நம்பர், அவர் கையில இருக்கணும். உன் கையில எதுக்குடி?" என்றேன்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. வேறொரு கட்டடத்தில் எங்களுடன் வேலை செய்த பெயிண்டரைக் காவலர்கள் சாரத்திலிருந்து இறக்கி அழைத்துச் சென்றதை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். யாரோ எங்கோ அடித்த கொள்ளைப் பணம் அவர் பெயரிலிருந்த கணக்கின் வழியாக ஓடியிருந்தது. கொள்ளையடித்தவன் முகத்தை எவரும் கண்டதில்லை. கணக்கிலிருந்த முகமோ பெயிண்டருடையது.

"பாதியில விட்டா உங்க மேலதான் கேஸ் வரும், சொல்லிட்டேன்," என்றது குரல். தேன் வற்றிவிட்டது. "யோவ், நம்பரைச் சொல்லுய்யா!"

அவர் கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கினார். "ஏய், யார்கிட்ட 'யோவ்'ங்கிற? நேர்ல வந்து சொல்லு பார்ப்போம்!" என்று கத்தினார். அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

வாளியில் பசை இறுகிக் கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்தவாறே அமர்ந்தார்.

"விடு. நம்பரைத்தான் சொல்லலையே. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"கார்டு அவங்ககிட்ட இருக்கு, மூஞ்சியும் இருக்கு. இன்னைக்கு இந்தக் கதவு மூடினா நாளைக்கு வேற கதவைத் தட்டுவாங்க. எழுந்திரிங்க, பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் போகணும்."

"போயி என்னன்னு சொல்ல? ஏமாந்த சோணகிரின்னு சொல்லவா? சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. பெயிண்டரைப் பார்த்து யாரும் சிரிக்கலையே, அழத்தானே செஞ்சோம்!"

அவர் வாளியை உதைத்தார். அது உருண்டு சென்று, ஒட்டாமல் அடுக்கியிருந்த டைல்ஸ் ஒன்றின் முனையை உடைத்தது. நான் அதைக் கண்டிக்கவில்லை. அந்தக் கோபம் அவருக்கு வேண்டியிருந்தது. பின்னர் எழுந்தார். மாற்றுச் சட்டையை நான் நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்தார்.

வங்கியில் விவரம் சொல்லி, அவர் பெயரில் வேறு எதுவும் நடவாதபடி எழுதிக் கொடுத்துவிட்டு, காவல் நிலையத்தை அடைந்தோம். அங்கே நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த காவலர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "என்னம்மா, என்ன பிரச்சினை?" என்று என்னிடம் கேட்டார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

அவர் முன்னால் வந்து, காய்ந்த பசை ஒட்டிய இரு கைகளையும் மேசைமேல் ஊன்றினார்.

"நான் டைல்ஸ் ஒட்டுறவன். வேலை தரேன்னு சொல்லி என் பேர்ல திருட்டுக் கணக்கு திறக்கப் பார்த்தாங்க. கார்டை நானேதான் அனுப்பினேன். எழுதிக்கங்க."

காத்திருந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தனர்.

"மெதுவாச் சொல்லுய்யா, காது கேக்குது," என்றார் காவலர்.

என் கணவர் குரலைத் தாழ்த்தவில்லை.