பின்பக்கத்திலிருந்து மூன்றடி

காலை ஆறேகாலுக்கு அந்தக் கரும்பலகையில் "3 அடி" என்று எழுதியவர் மீட்டர்தான். அதை யாரும் மறுக்கவில்லை. அவரும் மறுக்கவில்லை.

மீட்டர் என்பது பட்டப்பெயர். துறைமுக அலுவலகத்தில் அலை, நீரோட்டம், காற்று எல்லாவற்றையும் அளந்து குறித்து வைப்பது அவர் வேலை. போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி, அலைச்சறுக்குச் சங்கத்துக் கொட்டகையின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் போனில் வந்திருக்கும் அன்றைய நிலவரத்தை எழுதிவிட்டுப் போவது பதினொரு வருஷத்துப் பழக்கம். முதல் வரி, அலையின் உயரம். இரண்டாவது வரி, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது. மூன்றாவது, காற்று. முதல் வரியைக் கரையில் எல்லோரும் படிப்பார்கள். மூன்றாவதைத் தொப்பி போட்டவர்கள் படிப்பார்கள். இரண்டாவது வரியை எழுதியவர் மட்டும் ஒருமுறை திரும்பப் படித்துப் பார்ப்பார், எழுத்துப்பிழை இருக்கக்கூடாது என்று.

அன்றைக்கு இரண்டாவது வரி: 17 விநாடி.

ஏழெட்டு விநாடி என்றால் அது உள்ளூர்க் காற்று கிளப்பிய அலை. சலசலக்கும், கடிக்காது. பதினேழு என்றால் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல் அனுப்பி வைத்த சரக்கு. அது ஒழுங்காக ஒவ்வொன்றாக வராது. இருபது நிமிஷம் கடல் பரம சாதுவாகப் படுத்திருக்கும். பிறகு ஐந்தாறு அலைகள் கூட்டணி அமைத்துக்கொண்டு வரும். சறுக்குகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு செட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் மணல்திட்டின்மேல் தண்ணீர் ஆழம் வெகு குறைவு. செட் வந்தால் அலை வளைந்து உருளாது. சுவர் இடிவது போல மொத்தமாக விழும்.

இனி சங்கத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் அலையை முன்னாலிருந்து அளக்க மாட்டார்கள். முன்னால் ஆறடி நிற்கிற அலை, பின்னாலிருந்து பார்க்கும்போது மூன்றடி முதுகுதான் காட்டும். சங்கம் அந்த முதுகைத்தான் அளந்தது. ஆறடி அலையில் விழுந்து பல் உடைந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு, "மூணடிதான், சும்மா" என்பான். அதிலே ஒரு வீரம். முன்பக்க அளவைச் சொல்கிறவன் சுற்றுலாப் பயணி.

இந்த வீரத்தின் காவலர் சங்கத் தலைவர். மீட்டருக்கு மச்சான், மனைவியின் அண்ணன். முழங்கால் வலி காரணமாக ஒன்பது வருஷமாகச் சறுக்குப் பலகையில் ஏறவில்லை. மேடையில் ஏறத் தடையில்லை. அன்று சங்கத்தின் வருடாந்தரப் போட்டி. கொட்டகை வாசலில் பத்தடி பேனர். பழைய புகைப்படத்தில் தலைவர் முழங்கால் மடக்கிப் பலகையில் நிற்க, அவர் தலைக்கு மேல் இன்னும் அரை ஆள் உயரத்துக்கு அலை எழும்பி நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில்: நாலடி அலையில் நம் தலைவர்.

குழந்தைகளின் தொடக்கநிலைச் சுற்று பதினொரு மணிக்கு. மீட்டரின் மகள் அதில் இருந்தாள். பதின்மூன்று வயது, வீட்டில் பெயர் வாலு. பத்து மணிக்கு வேலை முடிந்ததும் நேரே கரைக்குப் போய், கடலைப் பார்த்து, தேவைப்பட்டால் மச்சான் காதில் ஒரு வார்த்தை போட்டு நிறுத்திவிடலாம் என்பது மீட்டரின் திட்டம். மேடையில் இருக்கும் மனிதரின் காது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை அவர் அளந்து வைத்திருக்கவில்லை.

எட்டு முப்பத்தொன்றுக்குப் போன் வந்தது. மனைவி.

"ஏங்க, வாலு தண்ணியில இறங்கப் போறா. அப்பா பாக்கலையேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கறா."

"பதினோரு மணிக்குத்தானே?"

"சிறப்பு விருந்தினருக்கு ஒன்பதரைக்கு வேற விழாவாம். குழந்தைங்களைப் பாத்துட்டுத்தான் போவேன்னாராம். அண்ணன் சுற்றையே முன்னாடி கொண்டாந்துட்டாரு."

மீட்டரின் எதிரே இருந்த திரையில், கடலுக்குள் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் மிதவை அனுப்பும் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சோம்பலாக ஓடிய கோடு சட்டென்று நிமிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. காலையிலிருந்து அவர் பார்த்ததிலேயே உயரமானவை. பதினேழு விநாடி அலை மிதவையிலிருந்து கரைக்கு வர ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிஷம்.

"அண்ணன்கிட்ட போனைக் குடு."

"அவரு மைக்குல பேசிட்டிருக்காருங்க."

"மைக்கைப் புடுங்கிட்டுப் போனைக் குடு!"

சிறிது இரைச்சல். பிறகு தலைவரின் குரல், மைக்கின் வேகம் இன்னும் இறங்காமல்: "மாப்ளே! சொல்லுங்க மாப்ளே! கடல் எப்படி இருக்கு தெரியுமா? தட்டுல ஊத்தின பால்."

"மச்சான், பசங்களை இறக்காதீங்க. பெரிய செட் வந்துட்டிருக்கு. எட்டு நாப்பத்துநாலு வாக்குல அங்க இருக்கும்."

"அலை என்ன மாப்ளே, ரயிலா? நேரத்தோட வர்றதுக்கு?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அது விருந்தினராக இருக்க வேண்டும். தலைவரின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. "விதிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு? தொடக்கநிலைக்கு நாலடி வரைக்கும் அனுமதி. போர்டுல என்ன போட்டிருக்கு? மூணு. எழுதினது யாரு? நான் இல்ல."

விதிப் புத்தகம் எல்லாச் சங்கங்களுக்கும் மேலான சம்மேளனம் அனுப்பியது. சம்மேளனம் அலையை முன்பக்கம் அளக்கிறது. அதை இரண்டாம் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தது. முதல் பக்கத்தில் தலைவர்களுக்கான வாழ்த்துச் செய்தி இருந்ததால், நம் தலைவர் அதைத் தாண்டிப் போக அவசியம் நேரவில்லை.

மீட்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மச்சான், என் மூணு முதுகளவு. புத்தகத்து நாலு முன்னளவு. நம்ம மூணு, அவங்க ஆறு. செட்டு வந்தா அதுக்கும் மேல..."

ஊதலின் நீண்ட ஒற்றைச் சத்தம் போனைப் பிளந்தது. சுற்று ஆரம்பம். இணைப்பு அறுந்தது.

மீட்டர் அலுவலகக் கதவைப் பூட்டாமல் இறங்கினார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. கரைக்கு ஆறு நிமிஷ மிதி. கடைசித் திருப்பத்தில் செயின் கழன்றது. சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். செருப்பில் ஒன்று மணலில் தங்கிவிட்டது.

எட்டு நாற்பது. கடல் தலைவர் சொன்னபடியே பாலாக இருந்தது. பத்துக் குழந்தைகள். ஒன்பது பேர் முழங்காலளவு நுரையில் விழுந்து எழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மஞ்சள் பனியன் மட்டும் தன்னந்தனியாக வெளியே, மணல்திட்டுக்கும் அப்பால், பெரிய மனுஷி மாதிரி பலகையில் உட்கார்ந்திருந்தது.

மஞ்சள் பனியன் வாலு.

"வாங்க மாப்ளே!" என்றார் தலைவர், கழுத்தில் மாலையோடு. "எங்கே உங்க ரயிலு?"

"ஊதலைக் குடுங்க மச்சான். எல்லாரையும் வெளிய கூப்பிடணும்."

ஊதல் தலைவர் முன்னால் மேஜைமேல் இருந்தது. ஒருமுறை ஊதினால் ஆரம்பம், இரண்டுமுறை என்றால் கரைக்கு வா. போட்டி நேரத்தில் குழந்தைகள் வேறு எந்தச் சத்தத்துக்கும் திரும்பக்கூடாது என்பது சங்கத்தின் கட்டளை. தலைவர் அதன்மேல் கையை வைத்தார்.

"விருந்தினர் எதிர்ல மானத்தை வாங்காதீங்க," என்றார், சிரித்த முகம் மாறாமல், பல்லிடுக்கில். "பத்து நிமிஷம். சுற்று முடிஞ்சிரும்."

மீட்புப் பலகையோடு நின்றிருந்த உயிர்காப்பாளர் பக்கம் மீட்டர் திரும்பினார். குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் விசில் அக்கா. வேறு கரையில் வேலை பார்த்துவிட்டு ஆறு வாரம் முன்புதான் வந்தவள்.

"நீயாவது சொல்லக்கூடாதாம்மா?"

"போர்டுல மூணுன்னு இருந்துச்சு சார். மூணுக்கு என்னத்த சொல்றது?"

"அது முதுகளவும்மா."

"முதுகா?" அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "முதுகை எதுக்கு சார் அளக்கறீங்க? அடிக்கிறது மூஞ்சிதானே?"

பதினொரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் பேனரைக் காட்டினார்.

"அதோ பார். நாலடின்னு எழுதியிருக்கு. நாலடின்னா எங்க மச்சான் மார்பு வரைக்கும்தான் வரணும். எங்க வந்திருக்குன்னு பார்."

விசில் அக்கா பார்த்தாள். பெற்றோர்கள் பார்த்தார்கள். சிறப்பு விருந்தினர், மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பார்த்தார். தலைவரும் தன் படத்தையே முதல் தடவையாக அளவெடுக்கிற கண்ணோடு பார்த்தார். அந்த நேரம் ஊதல்மேல் இருந்த கை தளர்ந்தது. மீட்டர் அதைப் பிடுங்கி இரண்டுமுறை ஊதினார்.

விசில் அக்கா அதற்குள் தண்ணீரில் இருந்தாள்.

நுரையில் இருந்த ஒன்பது பேரும் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். மீட்டர் எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது. வாலு ஊதல் கேட்டுப் பலகையைக் கரைப்பக்கம் திருப்பி, நாலைந்து துழாவல் துழாவினாள். அப்போது அவளுக்குப் பின்னால் அடிவானத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஒரு கறுப்பு வரி எழுந்தது.

வாலு திரும்பிப் பார்த்தாள். துழாவுவதை நிறுத்தினாள். பிறகு பலகையை மறுபடி கடல்பக்கம் திருப்பினாள்.

"ஐயோ, உள்ள போறாளே!" மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கத்துங்க! திரும்பச் சொல்லுங்க!"

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"கரைக்கு வந்தா திட்டுமேல மாட்டிக்குவா. அவ தலைமேல விழும். வெளிய போகட்டும். உடையறதுக்கு முன்னாடி தாண்டணும்." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "போ. போடி. போ."

போன கோடையில் ஒருநாள், சாப்பாட்டு மேஜையில், ஒரு கரண்டியும் தட்டும் வைத்து இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் பாதி கேட்டாள், பாதி போனைப் பார்த்தாள். எந்தப் பாதி என்று இப்போது தெரியப் போகிறது.

முதல் அலை தலை தூக்கியது. மஞ்சள் புள்ளி அதன் சரிவில் ஏறியது, செங்குத்தாக நின்றது, மறைந்தது. அலை திட்டில் விழுந்த சத்தம் காலுக்கடியில் மணலில் கேட்டது. சற்றுமுன் ஒன்பது பேர் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று இடிந்து ஓடியது. மேஜை வரை தண்ணீர் வந்து விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனது.

மஞ்சள் தெரிந்தது.

இரண்டாவது அதைவிடப் பெரிது. நுனி வெளுத்து உடையத் தொடங்கிய நேரம் அவள் உச்சியில் இருந்தாள். பலகையில் பாதி காற்றில் நீட்டிக்கொண்டு தெரிந்தது. விழுந்தது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க" என்றாள். மீட்டர் பதினேழு விநாடி எவ்வளவு நீளம் என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக அளந்துகொண்டிருந்தார்.

"இருக்கா," என்றார் கடைசியில். "அந்தப் பக்கம் இருக்கா."

மூன்று, நான்கு, ஐந்து. அவற்றை வாலு இன்னும் வெளியே, உடையாத ஆழத்தில், ஏறி இறங்கித் தாண்டினாள். ஆறாவதாக எதுவும் வரவில்லை. கடல் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி படுத்துக்கொண்டது. நுரைச் சுவர்களை முட்டித் தாண்டிய விசில் அக்கா ஒருவழியாக அவளை எட்டி, பக்கத்தில் துழாவியபடியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

கரையில் மைக் உயிர்பெற்றது. "அன்பார்ந்த பெற்றோர்களே, நமது சங்கம் தக்க முன்னெச்சரிக்கையுடன் உரிய நேரத்தில் எடுத்த முடிவினால்..."

"அண்ணே," என்றாள் மீட்டரின் மனைவி. கத்தவில்லை. "மைக்கைக் கீழ வை."

தலைவர் வைத்தார்.

வாலு மணலில் வந்து பலகையைப் போட்டுவிட்டு நின்றாள். உதடு நீலம். அம்மா துண்டைச் சுற்றினாள். வாலு அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது மூணடியா?"

மீட்டர் துண்டின் நுனியால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"போர்டுல மூணுன்னு நீ எழுதியிருந்தியேன்னுதான்பா அவ்ளோ தூரம் போனேன்."

"ஆறு," என்றார் மீட்டர். "ரெண்டாவது வந்தது எட்டு இருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூணுன்னு எழுதினேன்."

"ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

பதின்மூன்று வயதில் வாலு இந்தப் பதிலை வீட்டுப்பாடம் விஷயமாக அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட அவர் ஏற்றுக்கொண்டதில்லை. அவள் அவர் தோளில் ஈரத் தலையை வைத்தாள்.

மறுநாள் காலை ஆறேகால். மீட்டர் சாக்பீஸைக் கீழே வைக்கும்போது பின்னால் செருமல் கேட்டது. தலைவர். அந்த நேரத்துக்கு அவர் எழுந்திருப்பார் என்பதே சங்க வரலாற்றில் செய்தி. பேனரைக் கழற்ற வந்தேன் என்றார். கழற்றவில்லை. பலகையைப் படித்தார்.

"இடுப்பு உயரம்னு எழுதியிருக்கீங்க. அடி எங்க மாப்ளே?"

"இனிமே அடி கிடையாது மச்சான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, தலை. முன்பக்கம்."

"சுற்றுலாக்காரன் மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

தலைவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். வயிறு மறைத்தது. மீட்டரின் ஒல்லி இடுப்பையும் பார்த்தார். ஒரு ஆட்சேபம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. "இடுப்புன்னா யாரு இடுப்பு? என்னுதா, உங்களுதா? ஆளுக்கு ஆள் மாறுமே!"

"உங்க மருமகளோடது."

தலைவர் பலகையை மேலிருந்து கீழே மறுபடி படித்தார். மீட்டர் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"மாப்ளே."

"என்ன மச்சான்?"

"அந்த ரெண்டாவது வரி. ஒன்பது விநாடின்னு போட்டிருக்கே." விரலை வைத்துக் காட்டினார். "அது என்னது?"

மீட்டர் சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் போட்டார்.