எலும்பு மிதக்குமா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு எக்ஸ்ரே அறையில் கிடைத்தது. இருமல் விடாமல் பிடித்துக்கொண்டதால் நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையைக் கழற்றி, சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி நின்றேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பிடித்தேன். யந்திரம் டக்கென்றது. அதற்குப் பிறகு "விடுங்க" என்று ஒரு வார்த்தை வர வேண்டும், வரவே இல்லை. நானோ சொன்ன பேச்சு கேட்கிற ஆள். கண் பிதுங்க நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயோ, விட்டுடுங்க சார். வேற நெனப்புல இருந்துட்டேன்" என்றபடி வெளியே வந்தாள். ஒல்லியான பெண், நாற்பதைத் தாண்டியிருப்பாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சம்பந்தா சம்பந்தமில்லாமல் கேட்டாள்.

"சார், உங்களுக்குத் தண்ணில மிதக்கத் தெரியுமா?"

"தெரியறது என்ன, படுத்தா மிதப்பேன். நானா ஒண்ணும் செய்யறதில்ல."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். நான் கல்லு, போட்டா அடியில போய்த்தான் நிப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "அவருக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு சார். தண்ணில எறக்கினா மட்டும் காலு அசையுது. நான் மிதந்து காட்டினாத்தான் அவர எறக்க விடுவாங்களாம்."

அவ்வளவுதான். கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். இதற்கு மேல் வருவதில் பெரும்பங்கு என் சொந்தச் சரக்கு.

2

(தொடக்கம், முதல் முயற்சி.) அவள் தண்ணீரில் இறங்கியபோது வானம் மெல்ல

(எந்த வானம்? கை கால் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குள் கட்டியிருக்கிற குளம். மேலே கூரை. வெந்நீரின் ஆவியில் சன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கிடக்கும், எதிரில் நிற்கிறவர் முகம் கூடக் கொஞ்சம் கலங்கித்தான் தெரியும். வானத்தை அடித்தாயிற்று.)

(இரண்டாம் முயற்சி.) மனதில் பாரம் இருப்பவர்கள் மூழ்குகிறார்கள், பாரத்தை இறக்கி வைத்தவர்களோ

(இதைக் கோபத்தோடு அடித்தேன். சுத்தப் புளுகு. எத்தனையோ கல்நெஞ்சக்காரர்கள் ஜம்மென்று மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் யாருடைய மனசையும் விசாரிப்பதில்லை. கொழுப்பு தண்ணீரைவிட லேசு, எலும்பும் தசையும் கனம். நெஞ்சுக்குள் காற்று நிறைய இருந்தால் முக்கால்வாசிப் பேர் மேலே நிற்பார்கள், காற்றை விட்டால் இறங்குவார்கள். உப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தொந்திக்காரன் பாடு கொண்டாட்டம். ஒல்லியான, கால் நீண்ட ஆளுக்கு முதலில் குதிகால் இறங்கும், அதன் பின்னாலேயே முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் போகும். சங்கதி இவ்வளவுதான். இந்தப் பத்தியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், என் தொந்திக்கு ஒரு மரியாதை கிடைக்கட்டும் என்று. "அப்ப இனிமே குளத்துலயே குடியிருங்க" என்றாள்.)

3

மூன்றாம் முயற்சியில் புருஷனிடமிருந்து தொடங்கினேன், அது நிலைத்தது.

அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். (நிஜத்தில் என்ன வேலையோ, கேட்கவில்லை. கதையில் ஒருவருக்கு வேலை இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.) உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவர். பெரிய உடம்பு, அதற்கேற்ற சிரிப்பு. மனைவியை "எலும்பு" என்று கூப்பிடுவார். அவள் ஒல்லி என்பது ஒரு காரணம், நாளெல்லாம் எலும்பைப் படம் பிடிக்கிறாள் என்பது இன்னொன்று. ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே குளியலறைச் சுவரோரம் சரிந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கும் குழறியது.

தரையில் அந்தக் கால் யாரோ விட்டுப்போன சாமான் மாதிரிக் கிடக்கும். குளத்து வெந்நீரில் இறக்கினால் கணுக்கால் திரும்பியது, முழங்கால் லேசாக மடங்கியது. அவளுடைய தம்பிதான் கூட இறங்கி அவரைத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இனி அவள்தான் இறங்க வேண்டும். ஆனால் குளத்தைப் பார்த்துக்கொள்கிற விசில்காரம்மாவிடம் ஒரு விதி இருந்தது. நோயாளியோடு இறங்குகிறவர், பிடிமானம் இல்லாமல் மல்லாந்து மிதந்து காட்ட வேண்டும்.

"அவருக்குத்தான் நல்லா மிதக்கத் தெரியுமே மேடம்" என்றாள் எலும்பு.

"குப்புறக் கவுந்தாலும் மிதப்பாரும்மா. திரும்பிப் படுக்க அவரால முடியாது. நீங்களும் கூடவே அடியில போயிட்டா யாரு அவரத் திருப்பறது?" விசில்காரம்மாவின் குரலில் கோபம் எதுவும் இல்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. முடியலன்னா இந்த நேரத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன். வரிசைல நெறைய பேர் இருக்காங்க."

* ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன். மெக்கானிக் ஒரே தலையாட்டலில் மறுத்துவிட்டார். முன்பின் தெரியாதவன் கையில் ஈரத் துணியோடு படுத்துக் கிடக்க அவருக்கு இஷ்டமில்லை. கதாபாத்திரம் அடம் பிடித்தால் எழுதுகிறவன் என்ன செய்ய முடியும்.

4

அவள் படிக்கட்டில் இறங்கினாள். கரையோரமாக மெக்கானிக் சக்கர நாற்காலியில், மடியில் துண்டோடு. விசில்காரம்மா தண்ணீருக்குள் நின்று, அவள் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தாங்கினாள். கூரை விளக்குகள் ஆவிக்குள் மங்கலாக எரிந்தன. தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்ததால் எது தண்ணீர், எது தன் தோல் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள் விசில்காரம்மா. கை மெல்ல விலகியது.

அவள் இறங்கினாள். பதறாமல், கை கால் அடிக்காமல், தூக்கத்தில் நழுவுவது போல இறங்கினாள். அடியில் வெள்ளை ஓடுகள். சத்தமே இல்லாத ஒரு நிம்மதி கூட இருந்தது அங்கே. பிறகு மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு மேலே வந்தாள்.

மெக்கானிக் வலது பக்கத்தால் சிரித்தார். "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம்... மேல ஏத்தினேன். ஒன்ன... ஏத்த முடியல பாரு."

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்த நேரத்தையும் எடுத்துட்டாங்கன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மறுநாளும் மூழ்கினாள். அதற்கடுத்த முறையும் மூழ்கினாள். நானும் விடாமல் எழுதினேன், அவளும் விடாமல் மூழ்கினாள். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மூக்காவது மேலே நிற்க வேண்டுமே, இவள் ஏன் இப்படி என்று புரியாமல் ஒரு மத்தியானம் மேசையிலேயே தூங்கிப்போனேன். கனவில் குளம் என் அறைக்குள் வந்திருந்தது. நாற்காலி, அகராதி, என் செருப்பு எல்லாம் மிதந்தன. அவள் மட்டும் தரையில் ஒருக்களித்துப் படுத்து, "நீங்கதானே சார் எழுதறீங்க, கொஞ்சம் தூக்கி விட்டா என்ன?" என்றாள். பேசினாளே தவிர, வாயிலிருந்து ஒரு குமிழி கூட வரவில்லை. விழித்துக்கொண்டேன். அவளிடம் காற்றே இல்லை.

5

இருமல் சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி படம் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. கதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லி, கேட்டேவிட்டேன்.

"இழுத்த மூச்சு எங்கம்மா போகுது?"

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "அத ஏன் கேக்கறீங்க. வேலைப் பழக்கம் சார். நாள் பூரா 'இழுத்துப் பிடிங்க'ன்னு சொல்றேனில்ல? சொல்லிட்டு பட்டனை அமுக்கறப்ப நான் மூச்ச விட்டுடுவேன். பிடிக்கறது நிக்கறவங்க வேலை. விடறது என் வேலை. இத்தனை வருஷமா அப்படியே ஊறிப்போச்சு. குளத்துல நிக்கற அந்தம்மா அதே வார்த்தையச் சொன்னதும் நெஞ்சு தானா காலியாயிடுது."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். இப்பல்லாம் வாயத் தொறக்கறதில்ல, தோள்ல தட்டறாங்க. நானும் ஒழுங்கா இழுத்துப் பிடிச்சுக்கறேன். ஆனாலும் மூழ்கறேன்."

"அது ஏன்?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் சொல்லிக்கிட்டு நிக்கறேன்? வர்ற வாரம் கடைசி தடவை." அவள் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். "நீங்கதான் எழுதறீங்களே. எழுதறப்ப ஏதாவது புரிஞ்சா சொல்லுங்க சார்."

இதுவரை எந்த விமர்சகரும் என்னிடம் இவ்வளவு பெரிய வேலையை ஒப்படைத்ததில்லை.

6

வீட்டுக்கு வந்து திரும்ப எழுதினேன். தோளில் தட்டினார்கள். அவள் இழுத்தாள், பிடித்தாள், கை விலகியது. நெஞ்சு மேலே நின்றது, கால் விரல்கள் கூட எட்டிப் பார்த்தன. ஒரு வரி முழுக்க மிதந்தாள். அடுத்த வரியில் கழுத்து நிமிர்ந்தது, மோவாய் நெஞ்சுக்கு வந்தது, இடுப்பு மடங்கி, போயிற்று, அடியில்.

(தலை கனமான சாமான். அதைத் தண்ணீர் தாங்கும்வரைக்கும் கவலையில்லை. தண்ணீரை விட்டு அதைத் தூக்கினால் அத்தனை கனமும் இடுப்பை அமுக்கும்.)

வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் தலையைத் தூக்கினாள். தண்ணீர்ப் பயம் என்று நினைத்து, பயத்தைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதினேன், குப்பைக்குப் போனது. அவள் கண் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல் நானே கதைக்குள் இறங்கி, ஈரக் கரையில் செருப்போடு நின்று, அவள் தலையைத் தூக்கும்போது எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தேன்.

சக்கர நாற்காலியைப் பார்க்கிறாள். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. மெக்கானிக் துண்டில் தொங்கிய ஒரு நூலை வலது கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். பிரேக் போட்டிருக்கிறதா, இடது பக்கம் சரிகிறாரா, வாய் கோணுகிறதா, அதைத்தான் அவள் பார்த்தாள். அவர் சரிந்து விழுந்த அன்று காலையில் அவள் அடுத்த அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவரை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. சமைக்கும்போது ஒரு கண், தூங்கும்போது ஒரு காது, வேலைக்குப் போனால் நேரத்துக்கு நேரம் போன். மிதக்க வேண்டுமென்றால் காது தண்ணீருக்குள் போக வேண்டும், கண் கூரையைப் பார்க்க வேண்டும். அவரைத் தாங்க அனுமதி கிடைப்பதற்காக, கொஞ்ச நேரம் அவரைப் பார்க்காமலும் கேட்காமலும் இருக்க வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

7

முடிவு அ: அவள் மிதக்கிறாள். விசில் ஊதுகிறது. எல்லாரும் கை (தட்டட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் எப்படி மிதந்தாள் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.)

முடிவு ஆ: அவள் மூழ்குகிறாள். மாதம் முடிகிறது. அந்த நேரம் வேறொருவருக்குப் போகிறது. மெக்கானிக்கின் கால் வீட்டுக் கட்டிலில் (வேண்டாம். என்னால் ஆகாது.)

முடிவு இ: கடைசித் தடவை. அவள் தண்ணீரில் இறங்கும் முன், மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"எலும்பு... என்னப் பாக்காத. நான் எங்கயும்... போயிட மாட்டேன்."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் பல்லு தேய்க்கப் போனீங்க."

முடிவு இ அங்கேயே நின்றுவிட்டது.

8

யோசித்துப் பார்த்தேன். அவர் பேச்சை அவள் நம்ப மாட்டாள். விசில்காரம்மா அவரைப் பார்க்க முடியாது, அவள் கண் எலும்பின் மேல் இருக்க வேண்டும். நானும் எலும்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, எடுத்தால் வரி நின்றுவிடும். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

தப்பாக நினைக்காதீர்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, உட்காருங்கள். பிரேக் போட்டிருக்கிறது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இடது பக்கம் சரிவார், சரிந்தால் தோளுக்குக் கீழே கை கொடுத்து நிமிர்த்துங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், வலிக்கும். ஏதாவது சொன்னால் முழுசாகச் சொல்லி முடிக்க விடுங்கள், நடுவில் நீங்களே முடித்து வைக்காதீர்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் கஷ்டம். அவள் மிதக்கிறாளா என்று நீங்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆசையாகத்தான் இருக்கும், தெரியும். நீங்கள் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

நான் போய் அவளிடம் சொன்னேன், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, நீ படு என்று.

"யாரு சார்?"

"படிக்கறவங்க."

"நம்பலாமா?"

எனக்கு உங்களைத் தெரியாது. நம்பலாம் என்று சொல்லிவிட்டேன்.

தோளில் தட்டுகிறார்கள். அவள் மூச்சை இழுக்கிறாள், தலையைச் சாய்க்கிறாள், காதுகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கை விலகுகிறது. நீங்கள் அவரைப் பாருங்கள்.