வாய் மூடிய மோதிரம்

காலையில் முகம் கழுவும்போது விரல் சிவப்பாகத்தான் இருந்தது. பட்டறைக்கு வந்து ஊதுகுழலைப் பற்றவைத்து முதல் தட்டு மோதிரங்களை முடிப்பதற்குள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. பீஹுவா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். சாமணம் பிடிக்கிற கை அது. பார்க்காமல் எங்கே போவது?

பக்கத்து மேசையில் மெருகு போடும் ஹைலியான் கண்டுவிட்டாள்.

"அடியே, அது விரலா, கடையில தொங்குற தொத்திறைச்சியா?"

"ஏழு மாசம். எல்லாருக்கும் வீங்கும்."

"வீங்கும். கறுக்குமா? மோதிரத்தைக் கழட்டித் தொலை."

"கழண்டா கழட்டமாட்டேனா?"

நேற்றே எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. சோப்பு, கடலை எண்ணெய், ஐஸ் தண்ணீர். விரலில் நூலை இறுக்கிச் சுற்றி உருட்டியும் பார்த்தாள். தோல் கிழிந்ததுதான் மிச்சம். இரண்டு பக்கமும் சதை ஏறி, மரத்தில் கட்டிய கம்பியை மரமே விழுங்குவது போல மோதிரம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அது அவர்கள் பட்டறை மோதிரம்தான். பூத்தியான் நகரத்து வெள்ளித் தெருவில் இருந்த அந்தப் பட்டறையில், தீங்கு அண்டாமல் காக்கிற நகைகள் மட்டுமே செய்தார்கள். எட்டுத் திசைக் குறிகள் போட்ட பதக்கம், பேய் விரட்டும் குட்டி வாள், தாவோ மதப் பூசாரிகள் மஞ்சள் தாளில் எழுதித் தரும் மந்திர எழுத்தை வெள்ளியில் பதித்த மோதிரம். எழுதுவது கழிப்பறைக்குப் பக்கத்தில் நிற்கும் லேசர் மெஷின். அதற்குப் பட்டறையில் பூசாரி என்றே பெயர். கரண்ட் போனால், "பூசாரி மயங்கிட்டாரு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். போனில் நேரலையில் விற்கிற பெண், மலைமேல் விரதம் இருந்து மந்திரம் ஓதிய மோதிரம் என்று கண்கலங்கிச் சொல்லும்போது, இங்கே சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து சிரிப்பார்கள். பீஹுவாவும் சிரித்தவள்தான்.

அவளுக்கு இரண்டு கரு போன பிறகு சிரிப்பு நின்றது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் போனது, நகம்கூட வந்திருந்தது. மூன்றாவது தங்கியபோது அவள் மாமியார், "உங்க பட்டறையிலயே கருவைக் காக்குற எழுத்துப் போட்டு மோதிரம் வருதாமே, ஒண்ணு கொண்டா" என்றாள். மாமியாருக்குக் கடற்கரையில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. மோதிரத்தை ஊர்க்கோயிலுக்கு எடுத்துப் போய், பூசாரியிடம் புகை காட்டி, சிவப்புச் சாந்து தொட்டு வாங்கி வந்தாள். பட்டறை மோதிரங்களில் எழுத்துக்கு நேர் அடியில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். எந்த விரலுக்கும் வளைத்துக்கொள்ளலாம். அதை வாய் என்பார்கள். மாமியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன ஓட்டை? போன ரெண்டும் இப்படி எங்கயோ ஓட்டை இருந்துதான் நழுவிப் போச்சு. மூடிடு."

"மூடிட்டா அப்புறம் வளைக்க வராது, அத்தை."

"எதுக்கு வளைக்கணும்? புள்ள கைக்கு வர்ற வரைக்கும் கழட்டவே போறதில்ல."

மறுநாள் பீஹுவா தன் கையாலேயே வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து, சுடர் காட்டி அந்த வாயைப் பற்றவைத்து மூடினாள். சுத்தமான வேலை. நகத்தால் தடவினாலும் இடம் தெரியாது. கரு நின்றது. ஐந்தாம் மாதத்தைத் தாண்டியது. மதியம் சோற்றுக் கிண்ணத்தைத் திறந்தால் வயிற்றில் உதைக்கவும் ஆரம்பித்தது. அது மோதிரத்தால்தானா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஹைலியான் என்ன சொல்வாள் என்று தெரியும்.

ரம்பம் போடுகிற வெங், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து விரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்துச் சிவக்கவேண்டியது ஊதாவாகவே கிடந்தது.

"உணர்ச்சி இருக்கா?"

"எரியுது, அண்ணே."

"எரியறது நின்னுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உக்காரு, அறுத்துடறேன்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம். எழுத்து அறுந்துடும்."

"எழுதின பூசாரி அங்கதான் நிக்கிறாரு, இன்னொண்ணு எழுதித் தருவாரு" என்றாள் ஹைலியான். யாரும் சிரிக்கவில்லை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கமாட்டார்கள். படுக்கையில் கத்தரிக்கோல் வைக்கமாட்டார்கள். கருவோடு வந்த தெய்வம் அறையில் எந்த மூலையில் இருக்கிறதோ, அதன்மேல் இரும்பு பட்டால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். நாள் முழுக்கச் சுத்தியலும் ரம்பமும் ஓடுகிற பட்டறையில் அவள் வேலை செய்வதற்கு மாமியாரே ஒரு வழி சொல்லியிருந்தாள்: கூலிக்குப் போகிற இடத்துக்குத் தெய்வம் கூட வராது. ஆனால் அவள் விரலிலேயே, அந்த எழுத்திலேயே ரம்பம் ஓடினால் என்ன சொல்வது?

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மோதிரத்தை அறுக்கத் தீயணைப்புக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் சின்னச் சக்கரத்தை வைத்து மேலிருந்து நேராக அறுப்பார்கள். எழுத்து இரண்டாகப் போகும். அறுத்தால் பிள்ளை, அறுக்காவிட்டால் விரல். பீஹுவா எழுந்து நின்றாள், போவதற்கு இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

ஹைலியான் அவளிடம் சொல்லாமல் மாமியாருக்குப் போன் செய்திருந்தாள். ரப்பர் பூட்ஸும் ஈர ஏப்ரனுமாக மாமியார் உள்ளே வந்தாள். கூடவே கடல் நாற்றமும் வந்தது. கையில் மருமகளுக்கு மதியச் சாப்பாட்டுக் கிண்ணம்.

"காட்டு."

காட்டினாள். ஓடு கிழித்த வெள்ளைத் தழும்புகள் நிறைந்த கையால் மாமியார் விரலைப் பிடித்து, கெட்டுப்போன சிப்பியை மோப்பம் பிடிப்பது போல மோந்து பார்த்தாள்.

"அறுங்க" என்றாள் வெங்கிடம்.

"நீங்கதானே அத்தை மூடச் சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப அறுக்கச் சொல்றேன்."

"புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"விரல் போச்சுன்னா சாமணத்தை எதால புடிப்ப, பல்லாலயா? பொறக்கறதுக்குப் பால்மாவு யாரு வாங்குவா? எம் மகன் அனுப்புறது அவன் சிகரெட்டுக்கே பத்தல."

மாமியாரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எழுத்துல படவேணாம். இவ பத்தவச்சா பாருங்க, அந்த எடத்துல அறுங்க. அங்க முன்னாடியே வாய்தானே இருந்துச்சு."

வெங் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். "இவ வேலையில எங்கன்னு தேடுறது? நீயே காட்டு, தங்கச்சி."

வேறு யாருக்கும் தெரியாது. பீஹுவா இடது கையைக் கொண்டுவந்து, உள்ளங்கைப் பக்கம் ஓர் இடத்தில் நகத்தை வைத்தாள். வைத்த நகத்தை எடுக்கவே நேரமாயிற்று.

மெல்லிய செப்புத் தகட்டை மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் வெங் செருகினார். ரத்தம் வந்தது. மாமியார் அவள் முகத்தைத் தன் ஈர ஏப்ரனில் அழுத்திக்கொண்டாள். ரம்ப இழையின் சத்தம், பிறகு குறடு, பிறகு விரலுக்குள் ரத்தம் திரும்புகிற வலி. பல்லைக் கடித்தாள்.

"பொழைச்சுது" என்றார் வெங். விரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. ஹைலியான் துணி கிழித்துக் கட்டினாள்.

"சேமியா ஆறிடும், சாப்பிடு. மேஸ்திரி கத்துவான், நான் போறேன்" என்று மாமியார் நடந்தாள். வாசலில் நின்று மருமகளின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

சோற்று வேளைக்கு எல்லோரும் வாசல் பக்கம் போனார்கள். பீஹுவா மேசையிலேயே இருந்து கிண்ணத்தைத் திறந்தாள். சிப்பி போட்ட சேமியா. ஆவி முகத்தில் அடித்தது. வயிற்றில் அசைவில்லை. காத்திருந்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். தட்டிப் பார்த்தாள். கல்லாகக் கிடந்தது. போன தடவையும் இப்படித்தான். தூங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாயங்காலம்வரை பொடி வைத்துக்கொண்டிருந்தாள்.

மோதிரம் மேசைப் பலகையில் வாயைப் பிளந்து கிடந்தது.

அதை எடுத்தாள். அறுத்த முனைகளில் கொஞ்சம் நறுக்கி, அரம் போட்டு, சுண்டுவிரல் அளவுக்கு வளைத்தாள். எழுத்தில் குறடு படாமல் பார்த்துக்கொண்டாள். வெங்காரம், பொடி, சுடர். வெள்ளி மங்கலாகச் சிவந்தது. பொடி உருகி, தண்ணீர் போல விரிசலுக்குள் ஓடி மறைந்தது. படிகார நீரில் போட்டதும் சீறியது. சேமியாவில் மிதந்த எண்ணெயைச் சுண்டுவிரலில் தடவி மோதிரத்தைத் தள்ளினாள். கணுவில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். இறங்கியது.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாலைந்து வாய் சேமியாவை அள்ளி விழுங்கினாள், சூப்பையும் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கும்போது விலாவுக்கடியில் ஓர் உதை. பின்னாலேயே இன்னொன்று.

ஹைலியான் பல் குத்திக்கொண்டு திரும்பி வந்தாள். மோதிரத்தைக் கண்டதும் குச்சியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு இந்த விரலும் வீங்கும்."

"தெரியும்."

"நீயே சொல்லு, இதை எழுதினது யாரு?"

"தெரியும்னு சொன்னேன்ல."

அடுத்த தட்டை இழுத்து முன்னால் வைத்தாள். எல்லா மோதிரங்களும் வாய் திறந்து வரிசையாகக் கிடந்தன. ஊதுகுழலை எடுக்கும்முன், சுண்டுவிரலில் இருந்ததைக் கட்டைவிரலால் மெல்லத் திருகிப் பார்த்தாள். இன்றைக்குச் சுழன்றது.