தேரை விற்ற அரசன்

சங்ககிரி மலையின் நிழல் கிழக்கு நோக்கிச் சாயத் தொடங்க, கல்லாங்காடுகளில் நிலக்கடலைக் கொடிகள் வெயிலுக்கு வாடித் தலைகவிழ, கோழிப்பண்ணைகளின் நெடுங்கூரைகள் கானலில் நடுங்க, நெடுஞ்சாலையிலே எத்திசைச் சரக்கையும் சுமந்த லாரிகளாம் உந்துகள் ஓயாது உறுமிச் சென்றுகொண்டிருந்த பிற்பகல் வேளை அது. அச்சாலைக்குக் கூப்பிடு தொலைவில், வேம்புகள் சூழ நின்ற நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பில் தமிழாசிரியை அமுதவல்லி தொடர்கதைப் பயிற்சியைத் தொடங்கினார்.

பயிற்சியின் முறை எளியது, வாசகரே. ஆசிரியை முதல் வரியைச் சொல்வார்; பிள்ளைகள் அமர்ந்த வரிசைப்படி ஆளுக்கொரு வரி சேர்க்க வேண்டும். முன்னவர் சொன்னதைப் பின்னவர் அழித்தல் ஆகாது என்பது ஒன்றே கட்டளை.

"அரசன் ஒருவன் தேரேறிப் புறப்பட்டான்" என்று அமுதவல்லி கணீரெனத் தொடங்கினார். ஆனால் அவ்வூர்ப் பிள்ளைகளிடம் தேர் எத்தனை நேரம் தேராக ஓடும்? காத்தான் என்னும் பையன் எழுந்து, "தேரு பழசாயிருச்சுங்க டீச்சர். ராசா அத வித்துப்போட்டு ஒரு லாரி வாங்குனாருங்க" என்றான். வகுப்பு சிரிப்பில் குலுங்கியது. அடுத்தவன் அரசனுக்குச் சரக்கு ஏற்றிவிட்டான்; அதற்கடுத்தவள் மலைப்பாதையில் ஏற்றிவிட்டாள்.

அச்சிரிப்பில் கலவாதிருந்தவள் கிருத்திகா ஒருத்தியே. அவள் தந்தை சிவக்குமார் வடநாட்டுக்குச் சரக்கேற்றிச் சென்றவர். சில நாளாக அவரிடமிருந்து அழைப்பு இல்லை. உந்து வீடு திரும்பும்வரை கெட்ட சொல் எதையும் வாயில் எடுக்கலாகாது என்பது ஓட்டுநர் வீடுகளின் வழக்கம். அவள் தாய் ஜெயப்பிரியா அதனினும் ஒருபடி மேலே சென்று, 'விழுந்தது' என்ற சொல்லைக்கூட அடுக்களைக்குள் விடமாட்டாள். மலைப்பாதையில் ஏறிய அரசன் நலமாய் இறங்கினாலன்றித் தன் தந்தையும் இறங்கமாட்டார் என்று அச்சிறுமி உள்ளூர நம்பிவிட்டாள்.

அவளுக்கு முன் அமர்ந்திருந்த தனப்பிரியாவின் முறை வந்தது. அவள் அவ்வாண்டுதான் மேட்டூரிலிருந்து தாயோடு வந்து தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிப்பவள், அதிகம் பேசாதவள். எழுந்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இன்றி, "வளைவுல லாரி உருண்டு பள்ளத்துல உழுந்துருச்சுங்க" என்று கூறி அமர்ந்தாள்.

கிருத்திகாவுக்குச் சினம் மூண்டது. முன்னிருந்தவளின் சடையைப் பற்றி இழுக்கலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினாள். "சொல்லு சாமி, அடுத்து உன் வரி" என்றார் ஆசிரியை. அழிக்கலாகாது, ஆனால் உந்து உருண்டது என்றாளே ஒழிய, உள்ளே யார் இருந்தார் என்று தனப்பிரியா சொல்லவில்லையே! மலை இறங்குமுன் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தும் தன் தந்தையின் பழக்கம் கிருத்திகாவின் நினைவில் எழுந்தது.

"லாரி உருண்டப்ப ராசா அதுல இல்லீங்க டீச்சர்!" என்று எழுந்து கூவினாள். "மேல நிறுத்திப்போட்டு டீக் குடிக்க எறங்கியிருந்தாருங்க."

வகுப்பு கைதட்டிற்று. அமுதவல்லி மகிழ்ந்து, "உருட்டிவிட்டவளே முடித்தும் வைக்கட்டும்" என்று தனப்பிரியாவை மீண்டும் எழுப்பினார். அவள் மேசை விளிம்பைப் பற்றி எழுந்தாள். பின்பு, "ராசா டீக் குடிச்சிட்டு, கடைக்காரருகிட்ட போன் வாங்கி ஊட்டுக்குப் பேசுனாருங்க" என்று முடித்து அமர்ந்தாள். அமர்ந்தவள் பின்புறம் திரும்பி, கிருத்திகாவுக்கு மட்டும் கேட்கும்படி, "எங்கப்பா எறங்குல புள்ள" என்றாள்.

உந்து மலையேறும் கதை எதுவாயினும் தனப்பிரியா அறிந்த முடிவு பள்ளம் ஒன்றே என்பது கிருத்திகாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. மூண்டிருந்த சினம் இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

அன்று மாலையே சிவக்குமாரின் அழைப்பு வந்தது. கைப்பேசி அலை எட்டாத காட்டுவழியில் வந்தாராம். மறுநாள் கிருத்திகா அம்மகிழ்ச்சியைப் பள்ளி முழுதும் பரப்பிவிட்டு, தனப்பிரியாவின் முன் வந்ததும் வாய் மூடிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டலானாள்.

"உங்கப்பா பேசுனாரா புள்ள?" என்று தனப்பிரியாவே கேட்டாள்.

"பேசுனாரு."

"எங்க இருக்காராம்?"

"வந்துட்டு இருக்காராம்."

தனப்பிரியா தலையசைத்து, தன் இருக்கைப் பலகையில் சற்றே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பள்ளத்தில் வீழவிருந்த அரசனை ஒரு சிறுமியின் சொல் மீட்டுக் கரையேற்றியது. மீளாதவரை மீட்கும் சொல்லோ எம்மொழியிலும் இல்லை. அதனை அவ்வகுப்பில் எவரினும் நன்கறிந்தவள், பிறள் தந்தை வீடு திரும்பும் செய்தியைத் தானே முன்வந்து கேட்டறிந்தாள்.